புதிதாகக் கேட்கும் இதயச் சத்தம்: அந்த மாலைக் காய்ச்சலைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. ஹீமோகுளோபின் 7.8. போன வருடம் இல்லாத 'மர்மர்' சத்தம் இதயத்தில் கேட்பதாக எங்கள் டாக்டர் சொல்கிறார். ஓட்டை விழுந்திருக்குமோ? இணையத்தில் ரத்தப் புற்றுநோய் என்றுகூடப் போட்டிருக்கிறது. முடி கொட்டுகிறது, நகம் வெளுத்திருக்கிறது. ஒரு மாதமாக மாலையில் லேசான காய்ச்சல். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டால் விடுகிறது, நிறுத்தினால் திரும்பவும் வருகிறது.

பதில்: ஓட்டை என்று நாம் சொல்வது பெரும்பாலும் பிறவியிலேயே இருப்பது. அந்தப் பயம் வேண்டாம். முடியும் நகமும் சோகையால் இருக்கலாம், இப்போது அவை முக்கியமில்லை. இணையத்தை மூடி வையுங்கள்.

ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக இறைக்கும், அந்த ஓட்டமே சத்தமாகக் கேட்கும். அதிக மாதவிடாய்ப் போக்கு, மூலம் போன்றவற்றால் சோகை வந்த பலருக்கு இப்படித்தான். ஹீமோகுளோபின் ஏறினால் சத்தமும் மறைந்துவிடும். காய்ச்சல் மட்டும் இல்லையென்றால் உங்களுக்கும் இதையே சொல்லி அனுப்பியிருப்பேன்.

சோகை, புதிய சத்தம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் இதய வால்வில் கிருமி தங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அப்படித் தங்கியிருந்தால், இரும்பு மாத்திரை எவ்வளவு விழுங்கினாலும் உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாது. சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா? 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டார்களா? அண்மையில் பல் பிடுங்கினீர்களா? வால்வு முன்பே பழுதாகியிருந்ததா, கிருமி எப்படி நுழைந்தது என்பதற்கு இவையே துப்பு. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வருவது அந்த மருந்துக்கடை ஆன்டிபயாடிக் மீதுதான். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி சாகாது, பரிசோதனையில் சிக்காமல் ஒளிந்துகொள்ளும். எந்தக் கிருமி என்று தெரிய, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று முறை ரத்தம் எடுத்து 'கல்ச்சர்' செய்ய வேண்டும். கிருமி உறுதியானால் நான்கு முதல் ஆறு வாரம் வரை நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். தாமதித்தால் வால்வு அரிக்கப்படும், அதிலிருந்து துணுக்கு பிய்ந்து மூளைக்கும் போகலாம்.

எனவே எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) அடுத்த வாரம் தேதி வாங்கிக் காத்திருக்காதீர்கள். இதய மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு நாளைக் காலையே போங்கள். அதற்குள் படுத்தால் மூச்சு திணறினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். புதிதாக இன்னொரு அட்டை மாத்திரை வாங்க வேண்டாம். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளை மறக்காமல் எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.