பைபாஸ் முடிந்து பத்து நாள் ஆன அம்மாவை நடக்க விடலாமா?

"கட்டிலை விட்டு இறங்கவே அம்மா பயப்படுகிறார், நாங்களும் விடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நடக்க விடுங்கள். படுத்தே இருந்தால் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், தசை வற்றும். பொத்திப் பாதுகாக்க வேண்டியது நெஞ்செலும்பைத்தான். அதை அறுத்துத் திறந்து, கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கூடுவதற்கு 8 முதல் 12 வாரம் ஆகும்.

அதுவரை 2, 3 கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் அம்மாக்களின் கை சும்மா இருக்காது. 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோ. கட்டிலிலிருந்து எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுத்து இரண்டு காலையும் கீழே தொங்கவிடட்டும். நீங்கள் முதுகைத் தாங்கினால் போதும். இருமல் வந்தால் சின்னத் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இரும வேண்டும்.

இப்போதைக்கு 5 நிமிட நடை, நாளுக்கு 4 தடவை, வீட்டுக்குள்ளேயே. அலுப்பு இல்லையென்றால் தினம் ஒரு நிமிடம் கூட்டுங்கள். 6 வாரத்தில் 30 நிமிடம் வந்தால் நல்ல தேறுதல். நாடியை எண்ணிப் பயனில்லை, மெட்டோபுரோலால் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை அதை ஏறவிடாது. பேச்சை வைத்து அளந்துகொள்ளுங்கள்: நடந்தபடி ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நடையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். சாப்பிட்டால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் நடக்க வேண்டும். நம்மூர் வெயிலுக்குக் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். தேறியபின் நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபம் நிழலான நடை. சர்க்கரையால் கால் மரத்திருந்தால் மட்டும் வெறுங்கால் நடை வேண்டாம்.

தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோவோ வாரத்தில் 2 கிலோவோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது, டாக்டருக்குச் சொல்லுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நிறுத்த வேண்டியதுதான். இருமும்போது நெஞ்செலும்பு 'டிக்' என்று நகர்ந்தாலோ, புண்ணில் சீழ், காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே சர்ஜனைப் பாருங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, மயக்கம் என்றால் 108.

ஆபரேஷன் செய்த இடத்தில் கார்டியாக் ரீஹாப், அதாவது இதய நோயாளிகளைத் தேற்றும் பயிற்சிப் பிரிவு, இருக்கிறதா என்று கேளுங்கள். ஈசிஜி பார்த்தபடி நடக்கவைப்பார்கள், அம்மாவின் பயம் அங்கேதான் தெளியும்.

சாரல் விழுந்ததும் வீட்டில் குற்றாலத்துக்குக் கிளம்புவார்கள். அம்மாவும் போகட்டும், அருவிக்குள் மட்டும் நிற்க வேண்டாம். அந்த அடி நேராகத் தோளிலும் நெஞ்சிலும் இறங்கும். எலும்பு கூடிவிட்டது என்று சர்ஜன் சொன்ன பிறகு குளிக்கலாம்.