தட்டில் தீனி இருந்தும் குருவிகள் வராதது ஏன்?

கேள்வி: மலேசியாவில் கிள்ளான் நகருக்கு அருகே உள்ள காப்பாரில் வீட்டுப் பின்புறம் தினமும் அரிசிக் குருணை வைக்கிறேன். மாதக்கணக்காக வந்த குருவிகளும் புறாக்களும் இரண்டு வாரமாக வரவில்லை. ஏன்?

பதில்: முதலில் தட்டை மோந்து பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு சாரல் பட்டாலே போதும், குருணை புளித்துப் பூசணம் பிடித்துவிடும். அடியில் கட்டிதட்டிக் கிடக்கும் பழசின் மேலேயே புதுசைக் கொட்டுவோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பூசணத் தீனி பறவைக்கு நோய் தரும். தட்டைக் கொதிநீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒரு நாளில் தீர்கிற அளவு மட்டும் வையுங்கள்.

தட்டு சுத்தம்தானா? சரி, அப்படியானால் பூனையா, காக்கையா என்று பாருங்கள். காக்கைக் கூட்டம் இடத்தைப் பிடித்தால் சிறுசுகள் ஒதுங்கிவிடும். (1890களில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காகச் சிலோனிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட காக்கைகளின் வாரிசுகள் இவை. காப்பி போய் ரப்பர் வந்து, செம்பனை எனும் எண்ணெய்ப் பனையும் வந்தாயிற்று. காக்கை மட்டும் போகவில்லை!)

இன்னொன்று, மழைக்குப் பின் ஈசலும் புழுவும் மலிந்திருக்கும். குஞ்சு வைத்திருக்கும் குருவிக்கு அதுதான் வேண்டும், உங்கள் குருணை அல்ல. குஞ்சுகள் பறந்ததும் திரும்பி வரும். அதுவரை தட்டை வேறு இடத்துக்கு மாற்றாதீர்கள்.