சின்ன ஊர்ப் பாட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா?

வணக்கம். அமெரிக்காவின் கிராமத்துச் சாயலுள்ள கண்ட்ரி இசையில் சின்ன ஊர் வாழ்க்கையைப் பற்றிய பாடல்களாகத் தேடித் தேடிக் கேட்டும் ஒன்றும் மனதில் ஒட்டவில்லை, எல்லாமே பிக்கப் டிரக்கும் ஆற்றங்கரையுமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள்.

முதலில் பாடகி டாலி பார்ட்டன். டென்னசி மலைப்பகுதியில், 12 பிள்ளைகள் இருந்த ஏழை வீட்டில் வளர்ந்தவர். அவருடைய 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' (1971) கேளுங்கள். யாரோ கொடுத்த துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு அம்மா தைத்த கோட்டைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். வீட்டின் பாசமும் ஊரின் கேலியும் சேர்ந்தே வருவதால்தான் அது பொய்யாகத் தெரிவதில்லை.

அப்புறம் ஆலன் ஜாக்சனின் 'லிட்டில் மேன்' (1999). சின்ன வயதில் நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றி நடந்ததை நினைத்துப் பாடுகிறார். ஹார்டுவேர் கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார். பெரிய கடைகள் வந்ததும் அவையெல்லாம் போய்விடுகின்றன. நீங்கள் கேட்ட பாடல்களில் இப்படிப் பெயருள்ள ஒரு கடையாவது வந்ததா?

இந்த ஏக்கம் திகட்டினால் கேசி மஸ்கிரேவ்ஸின் 'மெர்ரி கோ ரவுண்ட்' (2012) இருக்கிறது. அதே மாதிரி ஊர்தான், ஆனால் மூச்சு முட்டும். வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.