ஓடும் பெண்ணுக்கு ஒரு பதில்

கேள்வி: ஜனவரி மாரத்தானுக்காக ஓடிப் பழகுகிறேன். 10 கிலோமீட்டர் தாண்டினால் பிராவின் அடிப்பட்டை உரசி, மார்புக்குக் கீழே எரிகிறது. என்ன வாங்கலாம்?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: எனக்கும் அதே இடத்தில்தான் புண் வந்தது, குளிக்கும்போது தண்ணீர் பட்டாலே கண் கலங்கிவிடும். பருத்தி வேண்டாம்மா. மும்பைப் புழுக்கத்தில் அது வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். ஈரத்துணிதான் தோலை அறுக்கும். பாலியெஸ்டர் அல்லது நைலானில், எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் நூல்) கலந்ததாகப் பாருங்கள். பெரும்பாலும் பாரத்தைத் தாங்குவது அடிப்பட்டை, தோள்பட்டி அல்ல. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் சரி. உள்பக்கத் தையலை விரலால் தடவிப் பாருங்கள். ட்ரயல் ரூமிலேயே நன்றாகக் குதியுங்கள், கூச்சமே வேண்டாம். அப்புறம், நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் பட்டை படும் இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். இப்போதுள்ள புண் முதலில் ஆறட்டும்.