எந்தப் பேயை மிரட்டியது? – கடிதமும் பதிலும்

வணக்கம். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் பேய்மிரட்டி மண்டிக்கிடக்கிறது. அதன் பச்சை இலையைத் திரியாக முறுக்கி விளக்கேற்றினால் பேய் ஓடிவிடும், பெயர் அப்படித்தான் வந்தது என்கிறார்கள். என் அம்மாச்சியோ அதே செடியை வெதுப்படக்கி என்பார். எது சரியான பெயர்?
ம., சிவகங்கை

அன்புள்ள ம.,

இரண்டும் சரிதான். இலைத்திரி எரிவதும் உண்மை. ஆனால் எரிவது எண்ணெய். மெத்தென்ற ரோமம் அடர்ந்த இலை அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பச்சை இலை நுனியில் சுடர் நிற்பதைப் பார்த்தால் நாம் அசந்துபோவோம், பேய்க்கு எப்படியோ.

சித்த மருத்துவ நூல்களில் பேய்மருட்டி என்றும் இருக்கும். உருள், உருட்டு, சுருள், சுருட்டு, அதுபோல மருள், மருட்டு. மருள் வெறும் பயமல்ல, புத்தி தடுமாறுவது. சாமியாடிக்கு வருவதையும் மருள் என்றுதான் சொல்கிறோம். மனிதரை மருள வைக்கும் பேயையே மருள வைக்கிற செடி! மிரட்டி என்றதும் அந்த நயம் போய் ஒரு போலீஸ்காரத்தனம் வந்துவிட்டது.

சரி, எந்தப் பேய்? செய்கிற வேலையை வைத்துச் செடிக்குப் பெயரிடுவது நம் வழக்கம். முடக்கை அறுப்பது முடக்கறுத்தான், கல்லை உருக்குவது கல்லுருக்கி. வெதுப்படக்கியும் அந்த வரிசைதான். வெதுப்பு என்றால் உடம்புச் சூடு, காய்ச்சல். பல் முளைக்கிற குழந்தைக்குக் காய்ச்சலும் கழிச்சலும் கண்டால் இந்த இலையைத் தேடிப் போனார்கள். அந்தக் காய்ச்சல் ஏறி, கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தால்? காத்துகருப்பு அடித்துவிட்டது என்றிருப்பார்கள். இரண்டு பெயரும் ஒரே நோயைத்தான் சொல்கின்றன என்பது என் ஊகம். ஒன்று வைத்தியம் பார்த்தவர் வைத்தது, மற்றது பயந்துபோன வீட்டார் வைத்தது. (இன்று குழந்தைக்கு வலிப்பு வந்தால் இலை பறிக்கப் போகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

தாவரவியலில் இது அனிசோமெலிஸ் மலபாரிகா. முதல் சொல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1810இல் வைத்தது. கிரேக்கத்தில் 'சமமில்லாத உறுப்பு' என்று பொருள். அதில் பேயும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

அப்புறம் ஒன்று. பேய்மிரட்டி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் உண்டு. கண்மாய்ப் பக்கம் போகும்போது தண்டை உருட்டிப் பாருங்கள், துளசிபோல நாலு பட்டையாக இருக்க வேண்டும். இலையைக் கசக்கி அம்மாச்சியிடம் முகரக் கொடுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.