சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று: கஞ்சாப் பழக்கத்தை வைத்தியரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, கடற்றொழில். ஹேர்னியா சத்திரசிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் தந்திருக்கிறார்கள். பல வருடமாக இரவில் கஞ்சா பத்துகிறார். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் குளிசையும் போடுகிறார். வைத்தியரிடம் சொன்னால் பொலிஸுக்குப் போய்விடுமா? மறைத்தால் ஆபத்தா? - வாசகி, திருகோணமலை.

பதில்: சொல்லத்தான் வேண்டும். சத்திரசிகிச்சை செய்பவரைவிட, மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்குத்தான் இது கூடுதலாகத் தெரிய வேண்டும். தினமும் பத்துபவரை மயக்க வழமையான அளவு மருந்து போதாமல் போகலாம். புகையால் எரிச்சலடைந்த மூச்சுக்குழாய், குழாய் விடும்போது இறுகிக்கொள்ளலாம். ஆஸ்துமாவும் இருப்பதால் உங்கள் கணவர் விடயத்தில் இதுதான் முதல் கவலை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலியும் கூடுதலாக இருக்கும், வலிநிவாரணியும் கூடுதலாகத் தேவைப்படும். "முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்வதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். விறைப்பு போதாவிட்டால் முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரும்.

பத்தியவுடன் இதயத் துடிப்பு ஏறும், மாரடைப்பு அபாயமும் கூடும். அதனால் பத்திக் குறைந்தது 2 மணித்தியாலமாவது போகாமல் அவசரமில்லாத சத்திரசிகிச்சையைத் தொடங்க வேண்டாம் என்று 2023இல் வெளிவந்த அமெரிக்க மயக்கவியல் வழிகாட்டல் சொல்கிறது. இதை வைத்து விடியற்காலை பத்தலாம் என்று கணக்குப் போடக் கூடாது. அன்று தொடவே கூடாது. கஞ்சா கலந்த மதன மோதகம் போலச் சாப்பிடும் வகை என்றால் இன்னும் சிக்கல். அரை மணி முதல் 2 மணித்தியாலம் கழித்துத்தான் ஏறும், பல மணித்தியாலம் நிற்கும். அதோடு அது சாப்பாடு. மயக்கத்துக்கு முன் 6 மணித்தியாலம் திட உணவு இல்லாமல் இருக்க வேண்டிய விதியும் அதனால் உடைந்துவிடும்.

"கொஞ்சம் பாவிக்கிறேன்" என்றால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. எதை, எந்த வழியில், எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்பவைதான் அவருக்குத் தேவை. தெருவில் வாங்குவதன் வீரியத்தை யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு பொட்டலம் எத்தனை நாளுக்கு வருகிறது, தனியாகவா பங்காகவா என்று சொல்வது நல்ல அளவுகோல். இப்படிச் சொன்னால் போதும்:

"டொக்டர், நான் பன்னிரண்டு வருசமா கஞ்சா பத்துறன். புகையிலை கலந்து, ராவில ரெண்டு சுருள். ஒரு பொட்டலம் நாலு நாள் வரும். கடைசியா நேற்று ராவு ஒன்பது மணிக்கு. சாராயம் கிழமைக்கு ரெண்டு தரம்."

சாராயத்தை விட்டுவிடாதீர்கள். தினமும் குடிப்பவர் வைத்தியசாலை விடுதியில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். கஞ்சாவை நிறுத்துவதைவிட அது பெரிய ஆபத்து. ஐஸ் போதைப்பொருள், ஹெரோயின், போதைக்காகப் போடும் பிரிகபலின் குளிசை இருந்தால் அவற்றையும் சொல்ல வேண்டும். வைத்தியர் சிங்களம் பேசுபவரென்றால், அளவையும் நேரத்தையும் இலக்கத்தில் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.

இனித் தியோபிலின். பலரும் தவறவிடும் இடம் இதுதான். கஞ்சாவானாலும் புகையிலையானாலும், புகை ஈரலைத் தூண்டித் தியோபிலினை வேகமாக உடைத்துத் தள்ளுகிறது. பத்துகிற காலத்தில் அதற்கேற்றபடி குளிசை அளவு கூட்டப்பட்டிருந்தால், நிறுத்திய பிறகு அதே அளவே இரத்தத்தில் கூடிப்போகும். குமட்டல், கைநடுக்கம், படபடப்பு, மிஞ்சினால் வலிப்பு. ஆகவே நிறுத்தப் போகும் திகதியை கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லுங்கள், அளவை அவர்கள் பார்ப்பார்கள். நீங்களாகக் குளிசையைக் குறைக்க வேண்டாம்.

நிறுத்துவதென்றால் இன்றே தொடங்குவது நல்லது. புகையை 4 கிழமைக்கு முன் விட்டால் நுரையீரல் சிக்கல் குறைகிறது. முதல் 3 நாளுக்குள் மன எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை, வியர்வை தொடங்கும். பெரும்பாலும் 2 கிழமைக்குள் அடங்கும், தூக்கம் மட்டும் இழுபடலாம். சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள் திடீரென்று விட்டால் இந்த அவதி முழுவதும் அதற்குப் பிந்திய நாட்களில் வந்து விழும். உதவிக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கம் இருக்கிறது.

(ஒரு பக்கக் குறிப்பு: அடிக்கடி வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, சுடுநீரில் குளித்தால் மட்டும் சுகப்படுகிறவர், கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றிலும் மாறி மாறி ஊற்றிவிட்டு "வாயு" என்று இருந்துவிடக் கூடாது. நீண்டகாலக் கஞ்சாப் பாவனையால் வரும் வாந்தியும் அப்படித்தான் இருக்கும்.)

பொலிஸ் பயம் நியாயமானதுதான், ஆனால் இடம் மாறி விழுந்த பயம். சிகிச்சை தரும் வைத்தியர் நோயாளி சொன்னதை இரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். நீதிமன்றக் கட்டளை வந்தால் வேறு. பொலிஸ் கூட்டிவரும் ஒருவரைச் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தால் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும். வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல் முடிவு அதைக் கேட்டவருக்குப் போகும். உங்கள் கணவரின் நிலை இவை இரண்டும் இல்லை. பொருளை மட்டும் வைத்தியசாலைக்குள் கொண்டுபோக வேண்டாம், பார்க்க வருபவர்கள் மூலமும் வேண்டாம். வைத்திருப்பதே குற்றம்.

விடுதியில் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக் கதைக்கத் தேவையில்லை. "டொக்டர், கொஞ்சம் தனியாச் சொல்ல வேணும்" என்றால் ஒதுக்கமாகக் கேட்பார்கள். அனுமதிக்கும்போது இளம் வைத்தியர் டிக்கெட்டில் (கட்டில் குறிப்பேட்டில்) எழுதியிருந்தாலும், மயக்க மருந்து வைத்தியர் வந்து பார்க்கும்போது மறுபடி சொல்ல வேண்டும். கடைசியாகப் பத்திய நேரம் அதற்குள் மாறியிருக்கலாம்.

கணவரே வாய் திறப்பதுதான் சரி. எவ்வளவு சொல்லியும் மறுத்தால், தியேட்டருக்குக் கொண்டுபோவதற்கு முன் நீங்கள் மயக்க மருந்து வைத்தியரிடமோ விடுதித் தாதியிடமோ சொல்லலாம். கணவர் சொன்னதை உங்களிடம் வெளியிட அவர்களுக்குத்தான் கட்டுப்பாடு. நீங்கள் தகவல் கொடுக்கத் தடையில்லை.