சென்சாரும் சோலாரும் பிடித்த பெண்ணைக் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார வைக்காதீர்கள்

ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பள்ளி இறுதியாண்டு. பழுதான சோலார் விளக்கு, டார்ச், பழைய சார்ஜர் எதையும் தூக்கிப் போட விடமாட்டாளாம், திறந்து பார்த்தால்தான் அவளுக்கு அடுத்த வேலை ஓடும். புதுசாக சென்சார் செய்ய வேண்டும், வெயிலிலிருந்து இன்னும் அதிகமாகக் கரண்ட் எடுக்கும் கருவி செய்ய வேண்டும் என்கிறாள். மாமா, சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் ஒரே குரலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள், அதிலும் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் ஒட்டிய பாடமாம். கட்டணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்ற பேச்சும் நடக்கிறது. மகளுக்கு இருப்பது உண்மையான ஆர்வமா, வெறும் விளையாட்டா என்று தெரியாமல் இந்த அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம், ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஆறுதல் வார்த்தை எதற்கும் உதவாது. நேராகவே சொல்கிறேன். நிரல் எழுதுவதில் லயித்துப் போகும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான். உங்கள் மகள் அந்தப் பிள்ளை இல்லை. அவளை அங்கே உட்கார வைப்பது ஒரு தவறு, அதற்காக வீட்டை அடமானம் வைப்பது அதைவிடப் பெரிய தவறு.

உறவினர்கள் யாரும் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. நிரல் எழுத ஒரு மடிக்கணினி போதும். எந்த மூலையில் உட்கார்ந்தும் கற்றுக்கொள்ளலாம், தப்பு செய்தால் திரையில் ஒரு சிவப்பு வரி வரும், திருத்திவிட்டு மறுபடி ஓட்டலாம். ஆனால் மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் நல்ல ஆசிலோஸ்கோப், இருபது ஆம்பியர் தரும் பவர் சப்ளை, வெயில் போலவே நடிக்கும் சோலார் சிமுலேட்டர், சூட்டையும் ஈரத்தையும் கூட்டிக் குறைத்துச் சோதிக்கும் அறை, அப்புறம் பக்கத்தில் நின்று "கையை எடு, அந்தக் கெப்பாசிட்டரில் இன்னும் சார்ஜ் இருக்கிறது" என்று சொல்ல ஓர் ஆசிரியர், இவையெல்லாம் வீட்டில் அமையாது. கல்லூரிக்குக் கொடுக்கும் பணம் வீட்டில் கிடைக்காத பொருளுக்காக இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தப் பொருள் ஒரு நல்ல லேப். நிரல் எழுதுவதும் தானாக வந்து சேரும், மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சில்லுக்கு நிரல் எழுதாமல் இன்றைக்குப் பெரும்பாலான சென்சார் கருவிகள் இயங்குவதில்லை.

அதனால் என் யோசனை எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ், அல்லது அளக்கும் கருவிகளைப் பற்றிய இன்ஸ்ட்ருமென்டேஷன். அதற்குள் மின்சாரத்தை வேண்டிய வடிவத்துக்கு மாற்றும் பவர் எலெக்ட்ரானிக்ஸும், துல்லியமாக அளப்பதைச் சொல்லித் தரும் அளவீட்டியலும். எலெக்ட்ரிகல் என்றதும் கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும்தான் உங்கள் வீட்டாரின் கண்ணில் தெரிகிறது போலிருக்கிறது. அந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு கருவியை வைத்துச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள், அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

36 செல்கள் கொண்ட 100 வாட் சோலார் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் அது ஏறக்குறைய 18 வோல்ட், ஐந்தரை ஆம்பியரில்தான் தன் முழுத் திறனைக் கொடுக்கும். அதை அப்படியே 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தால், பேட்டரி பேனலைத் தன் மின்னழுத்தத்துக்கு இழுத்துவிடும். ஆம்பியர் பெரிதாக அதிகரிக்காது. பன்னிரண்டரை வோல்ட்டில் கணக்குப் போட்டால் 70 வாட் பக்கம்தான் வரும். மீதி 30 வாட் யாருக்கும் பயனில்லாமல் பேனலிலேயே சூடாகப் போகிறது. இதற்காகத்தான் நடுவில் ஒரு கன்வெர்ட்டர். அதில் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்ச் விநாடிக்கு லட்சம் தடவை திறந்து மூடும், இன்டக்டர் என்ற கம்பிச்சுருள் கரண்ட்டைப் பிடித்து வைத்துச் சீராக விடும், பேனல் அதன் 18 வோல்ட்டிலேயே இருக்கும், பேட்டரிக்கும் அது கேட்கும் மின்னழுத்தம் போய்ச் சேரும். திறந்திருக்கும் நேரத்தின் விகிதத்தை மாற்றினால் பேனலின் மின்னழுத்தம் நகரும். கொஞ்சம் நகர்த்திப் பார்த்து, வாட் கூடினால் அதே திசையில் போவது, குறைந்தால் திரும்பி வருவது. அதிக வாட் கிடைக்கும் உச்சப்புள்ளியைத் தேடும் எளிமையான முறை இவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. வாட் கூடியதா குறைந்ததா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் சென்சார் வருகிறது, உங்கள் மகள் சொல்லும் இரண்டு ஆசைகளும் ஒரே ஆசை என்பதும் இங்கேதான் புரியும். கரண்ட்டை அளக்க வழியில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைப்பார்கள். ஒரு மில்லி ஓம் என்று வையுங்கள். ஐந்தரை ஆம்பியர் ஓடினால் அதன் குறுக்கே ஐந்தரை மில்லிவோல்ட் கிடைக்கும். சாதாரண மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கும் 10 பிட் அளவி 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது, ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். அதாவது முழு வெயிலில் ஓடும் மொத்தக் கரண்ட்டும் அதன் கண்ணுக்கு ஒரே ஒரு படி! மேகம் வந்தால் பூஜ்யம், போனால் ஒன்று, நடுவில் எதுவும் தெரியாது. சரி, ரெசிஸ்டரைப் பெரிதாக்கலாமே என்றால், 0.1 ஓம் போட்டால் அந்த ரெசிஸ்டரே 3 வாட்டைச் சூடாக்கித் தின்றுவிடும். எனவே சின்ன ரெசிஸ்டரையே வைத்து, சிக்னலை ஆம்ப்ளிஃபையர் கொண்டு நூறு மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கினால் பக்கத்தில் லட்சம் தடவை திறந்து மூடும் மாஸ்ஃபெட்டின் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அப்போது பாகங்களைப் பொருத்தும் பலகையான பிசிபியில், கரண்ட் திரும்பி வரும் கிரவுண்ட் கோட்டை எந்த வழியாகக் கொண்டு போகிறோம், எந்த மைக்ரோவிநாடியில் அளக்கிறோம் என்பதில்தான் கருவி ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பது இருக்கிறது. இந்த ஒரு சிக்கலில் ஒரு மாணவி ஒரு பருவம் முழுக்க மூழ்கலாம், எழுந்து வரும்போது அவளிடம் இருக்கும் பழக்கத்தை எந்தக் காணொளியும் கொடுத்திருக்க முடியாது.

அதோடு முடியவில்லை. பேனலின் ஒரு மூலையில் மரக்கிளையின் நிழல் விழுகிறது. தொடராக இணைத்த செல்களில் ஒன்று தளர்ந்தால் மொத்த வரிசையும் தளரும், அதற்காக, தளர்ந்த செல்களைத் தாண்டிக் கரண்ட் போக வழிவிடும் பைபாஸ் டயோடு வைத்திருப்பார்கள், டயோடு வேலை செய்யத் தொடங்கியதும் உச்சப்புள்ளி ஒன்றுக்கு மேல் ஆகிவிடும். நான் மேலே சொன்ன எளிய முறை பக்கத்திலிருக்கும் சின்ன உச்சியில் ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். சிலிக்கான் பேனல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் திறனை இழக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரிக்கானது, வெயிலில் காயும் பேனலோ 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், பத்து டிகிரி கூடினால் பாதியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் போடும் கணக்கு. நிழல், சூடு, ஆயுள், விலை. புதிய கருவி பிறப்பது இந்த நான்கின் நெருக்கடியில்தான்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1954இல் பெல் ஆய்வகத்தில் வந்த முதல் பயனுள்ள சிலிக்கான் சோலார் செல்லின் திறன் 6 சதவீதம். அதைச் செய்தவர்கள் மூன்று பேர். டேரில் சேப்பின் பொறியாளர், ஈரமான வெப்பப் பகுதிகளில் தொலைபேசிக்கு வைத்த உலர் பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போகும் தொல்லைக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தவர். கால்வின் ஃபுல்லர் வேதியியலாளர், ஜெரால்ட் பியர்சன் இயற்பியலாளர். ஒரு கண்கூடான தொல்லையைக் கையில் வைத்திருந்த ஒருவரும், பொருளை அறிந்த இருவரும். அடுத்து பி. ஜயந்த் பாலிகா. சென்னை ஐஐடியில் 1969இல் எலெக்ட்ரிகல் முடித்தவர், ஐஜிபிடி என்ற சுவிட்சை உருவாக்கியதற்காக 2024இல் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு பெற்றவர். பெரிய சோலார் இன்வெர்ட்டர், மின்ரயில், மின்சாரக் கார் என்று அதிக மின்சாரத்தைக் கையாளும் பல இடங்களில் அந்தச் சுவிட்ச் இருக்கிறது. எலெக்ட்ரிகல் படித்தால் என்ன ஆகும் என்று கேட்கும் சித்தப்பாவிடம் இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கசப்பான பகுதியையும் சொல்ல வேண்டும். முதல் சில வருடங்களில் ஹார்டுவேர் சம்பளம் மென்பொருள் சம்பளத்தைவிடக் குறைவாக இருப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. வேலையும் மெதுவாக நகரும், ஒரு பிசிபியில் ஒரு கோடு தப்பாகப் போய்விட்டால் திருத்திய பலகை வந்து சேர வாரங்கள் ஆகும். ஒப்பிட்டுப் பேசும் உறவினர் கூட்டம் அந்த வருடங்களில் உங்களைச் சும்மா விடாது, அதைத் தாங்கும் மனசு உங்களுக்கு இருக்க வேண்டும். இன்வெர்ட்டர், மின்வாகன சார்ஜர், பேட்டரி மேலாண்மை, மருத்துவக் கருவி, செயற்கைக்கோள், சோதனைக்கூடம் என்று வேலைக்கான கதவுகள் இருக்கின்றன. ஆனால் அவை கையில் வேலை தெரிந்தவருக்குத்தான் திறக்கும், சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவருக்குத் திறக்காது.

இனி, ஆர்வமா விளையாட்டா என்ற உங்கள் கேள்வி. விடுமுறையில் அவளிடம் 5 அல்லது 10 வாட் பேனல் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, பேனலின் வாட்டைத் தாங்கும் ரெசிஸ்டர்கள் சில கொடுங்கள். ரெசிஸ்டரை மாற்றி மாற்றி வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக் கோடு வரையச் சொல்லுங்கள். காலையில் ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று, ஒரே ஒரு செல்லை அட்டையால் மறைத்து ஒன்று. யாரும் சொல்லாமலே அடுத்த நாளும் வெயிலுக்குப் போய் நிற்கிறாளா, பேனல் சூடேறியதும் உச்சப்புள்ளியின் வோல்ட் ஏன் குறைந்தது என்று தானே தேடுகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். மூன்றாவது அளவிலேயே சலித்துவிட்டால் அதுவும் நல்ல தகவல்தான், அப்போது நான் சொன்னதையும் தள்ளிவைத்துவிட்டு வேறு பேசலாம். ஒரு கண்டிப்பு: வீட்டு மின்சாரம், இன்வெர்ட்டர் பெட்டி, லித்தியம் பேட்டரி, இந்த மூன்றின் பக்கமும் தனியாகப் போகக் கூடாது. பெரிய பேனல்களைத் தொடராக இணைப்பதும் வேண்டாம். வெயில் இருக்கும்வரை பேனலை நிறுத்தவே முடியாது, நேர்மின்சாரத்தில் தீப்பொறி கிளம்பினால் எளிதில் அணையாது.

பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. கண்டுபிடிப்பு என்ற வார்த்தையைச் சொன்னதும், பிள்ளையின் பெயரில் காப்புரிமை வாங்கித் தருகிறோம், கல்லூரி சேர்க்கைக்கு உதவும் என்று யாராவது வந்து நிற்பார்கள். ஒரு காசு கொடுக்காதீர்கள். விண்ணப்ப எண் கிடைப்பது வேறு, காப்புரிமை கிடைப்பது வேறு. அந்த எண் உள்ள தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கவிடலாம், அவ்வளவுதான். உண்மையான காப்புரிமை பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், அதுவும் இடையிடையே கட்டணம் கட்டி உயிரோடு வைத்திருந்தால். அவளுக்கு இப்போது வேண்டியது மற்றவர்களின் காப்புரிமைகளைப் படிக்கும் பழக்கம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கன்வெர்ட்டர் போன்ற மின்மாற்றக் கருவிகள் எச்02எம் (H02M) என்ற வகைப்பாட்டிலும், அளக்கும் கருவிகள் ஜி01 (G01) வகைப்பாட்டிலும் இருக்கும், வாரத்துக்கு ஒன்று படித்தால் போதும். நாளைக்கு நிஜமாகவே புதிதாக ஒன்று கிடைத்தால், விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியில் வைக்காதே, காணொளி போடாதே என்று சொல்லி வையுங்கள். பல நாடுகளில் முன்பே வெளியே தெரிந்துவிட்ட பொருளுக்குக் காப்புரிமை கிடையாது.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காமல் லேபுக்குப் போங்கள். ஆசிலோஸ்கோப்பின் மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதா, சால்டரிங் மேசையில் சூட்டுத் தழும்பு தெரிகிறதா, வகுப்பு முடிந்த பிறகும் பிள்ளைகளை உள்ளே விடுகிறார்களா? இறுதியாண்டு மாணவர் ஒருவரை நிறுத்தி அவர் செய்த பலகையைக் காட்டச் சொல்லுங்கள், எது முதலில் எரிந்தது என்று கேளுங்கள். சொந்தமாகச் செய்தவர் கதை கதையாகச் சொல்வார், வெளியே காசு கொடுத்து வாங்கியவர் பேச்சை மாற்றுவார். சோலார் என்றே பெயர் வைத்த இளநிலைப் படிப்புக்கு அதிகக் கட்டணம் கேட்டால் விட்டுவிடுங்கள், அடிப்படை எலெக்ட்ரிகல் படித்துவிட்டு முதுநிலையில் அந்தப் பக்கம் திரும்பலாம். இரண்டு கல்லூரிகளின் லேபும் ஒரே தரமென்றால் கட்டணம் குறைந்ததை எடுங்கள், மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அவளுடைய மேசைக்கும் மீட்டருக்கும் ஒதுக்குங்கள், வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.